இருவர் கூடிச் செய்யும் லினோ அச்சு

வீட்டிலேயே அச்சுக்கலையில் இறங்க விரும்பும் தம்பதியர் முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கது லினோ வெட்டு அச்சு. செப்புத் தகட்டு அச்சுக்கு வேண்டிய அமிலமோ, கல்லச்சுக்கு வேண்டிய கனத்த பொறியோ இதற்குத் தேவையில்லை. ஒரு மேசை, நல்ல வெளிச்சம், சில உளிகள், ஒரு மை உருளை ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். லினோ என்பது ஆளிவிதை எண்ணெயைக் காற்றுபட இறுகச் செய்து, அதனுடன் பிசினும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணியின்மேல் தகடாகப் படியவைத்த பொருள். 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் இதைத் தரைவிரிப்பாகவே உருவாக்கினார். பின்னாளில் ஓவியர்கள் இதை அச்சுக்கு எடுத்துக்கொண்டனர். உளி அகழ்ந்த இடம் தாளில் வெள்ளையாகவும், உளி தொடாத இடம் மையின் நிறமாகவும் விழும் என்பதற்கு மேல் இதில் கற்க வேண்டிய கோட்பாடு அதிகமில்லை.

ஒருவரே செய்யக்கூடிய கலையை இருவர் கூடிச் செய்யும்போது நேரம் மிச்சமாவது சிறிய நன்மைதான். பெரிய நன்மை, மை படிந்த கையும் தாள் தொடும் கையும் வேறுவேறு ஆட்களுடையவையாக இருப்பது. கைரேகைக் கறை, மடிப்பு, இடம் பிசகிய நிறம் எனத் தொடக்கநிலை அச்சுகளைக் கெடுக்கும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிரிவினையால் நீங்கிவிடும். ஜப்பானின் பழைய மர அச்சு மரபில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் என மூவகைத் தொழிலாளர் தனித்தனியே இயங்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சோசாக்கு ஹங்கா இயக்கத்தினர் மூன்றையும் ஓவியரே செய்ய வேண்டும் என்றனர். இரண்டு கொள்கைகளுக்கும் இடையில் நிற்கும் ஒரு முறையே, அதாவது செதுக்குவதைப் பகிர்ந்துகொண்டு அச்சிடுவதைப் பிரித்துக்கொள்வதே, வீட்டில் இருவருக்குப் பொருந்தும்.

உளியை எடுக்கும் முன்

முதல் முயற்சிக்கு 15 × 20 செ.மீ. அளவுள்ள இரண்டு லினோ தகடுகளில், ஒரு வெளிர் நிறமும் ஒரு கருநிறமும் கொண்ட படம் போதுமானது. இந்த அத்தியாயம் ஒரு முருங்கைக் கிளையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது: இலைகளின் பச்சை ஒரு தகட்டிலும், காம்பு, காய், நிழல் ஆகியவற்றின் கருநிறம் மற்றொரு தகட்டிலும் அமையும். வெளிர் நிறம் அச்சாகும் தகடு நிறத் தகடு எனவும், படத்தின் எலும்புக்கூடான கருங்கோடுகளைத் தாங்கும் தகடு கோட்டுத் தகடு எனவும் இங்குக் குறிக்கப்படும்.

ஒரே தகட்டில் இருவர் உளி பதிப்பதைத் தவிர்ப்பது நல்லது. கையெழுத்தைப் போலவே உளியின் அழுத்தமும் வீச்சும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பாதித் தகட்டை ஒருவரும் மீதியை மற்றவரும் வெட்டினால் அந்த எல்லை அச்சில் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் கோட்டுத் தகட்டையும் மற்றவர் நிறத் தகட்டையும் வெட்டும்போது இந்த வேறுபாடே படத்துக்கு உயிராக மாறும். கோட்டுத் தகட்டை வெட்டுபவரே படத்தின் அமைப்பில் இறுதி முடிவு சொல்பவர் என்றும், அடுத்த படத்தில் இப்பொறுப்பு கைமாறும் என்றும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால், பாதி வெட்டிய தகட்டின்மேல் வாக்குவாதம் எழாது.

வேண்டிய பொருள்கள்

• *லினோ*: ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன், பின்புறம் சணல் துணி ஒட்டியது. ஓவியப் பொருள் கடைகளில் லினோ ஷீட் என்று கேட்டால் தருவார்கள். தரைக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பு இதைப் போலவே தோன்றினாலும் அது வேறு பொருள். அதைச் சூடாக்கினால் நச்சுப் புகை எழும் என்பதால் அதை இதற்குப் பதிலாகக் கொள்ளக் கூடாது. அழிரப்பர் போன்ற மென்கட்டைகள் எளிதில் வெட்டுப்படும் என்பது உண்மைதான். ஆனால் தேய்க்கும்போது நெளிவதால் நுண்கோடுகள் பருத்துவிடும்.

• *உளிகள்*: கோடு இழுக்க வி வடிவ வாய் கொண்டது ஒன்று, பரப்பை அகழ அகலமும் குறுகலுமாக யு வடிவ வாய் கொண்டவை இரண்டு.

• *மை உருளை*: 8 முதல் 10 செ.மீ. அகலமுள்ள ரப்பர் ரோலர், நிறத்துக்கு ஒன்று.

• *மை தேய்க்கும் பரப்பு*: விளிம்புகளில் கெட்டியான டேப் ஒட்டிய தடித்த கண்ணாடி, அல்லது வழவழப்பான ஓடு.

• *மை*: எண்ணெய் மை ஆழமான நிறம் தரும், ஆனால் உலரச் சில நாள்கள் எடுக்கும். நீர் மை கழுவ எளிது, ஆனால் கோடை வெப்பத்தில் உருளையிலேயே காய்ந்து தாளைக் கவ்விக்கொள்ளும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் நீர் மையும், மற்றவர்க்கு எண்ணெய் மையும் ஏற்றவை. துணிக்கு அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் மை இரண்டுக்கும் மாற்றாகாது.

• *தாள்*: கையால் தேய்த்து அச்சிட மெல்லிய, நீண்ட நார் கொண்ட, வழவழப்பான தாளே உகந்தது, ஜப்பானிய கோசோ தாளும் நேபாளத்து லோக்தா தாளும் இவ்வகை. தடித்த கைக்காகிதம் அழகானதுதான் என்றாலும் அதன் மேடுபள்ளங்களை நிரப்ப அச்சுப்பொறியின் அழுத்தம் வேண்டும். அதைப் பயன்படுத்த விரும்பினால் ஈரப்படுத்தியே பயன்படுத்த வேண்டும்.

• *தேய்ப்பான்*: மரக் கரண்டியின் முதுகு, அல்லது மூங்கில் மடல் போர்த்திய தட்டையான ஜப்பானியத் தேய்ப்பானாகிய பாரன். அச்சுக்கு எடுத்த கரண்டி மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

கருவிகள் குறைவாக இருப்பது தடையல்ல. லண்டனில் 1920களின் பிற்பகுதியில் லினோ வெட்டைக் கற்பித்த கிளாட் ஃபிளைட், குடைக்கம்பியைக் கூராக்கி உளியாக்கிக்கொள்ளும்படி தம் மாணவர்க்குப் பரிந்துரைத்தார். எனினும் தொடங்குவோர் கைக்கு அடங்கும் பிடியுள்ள உளியையே வாங்குவது பாதுகாப்பானது.

படத்தைத் தகட்டுக்கு மாற்றுதல்

1. தாளில் 15 × 20 செ.மீ. கட்டம் போட்டு, அதனுள் படத்தைத் தடித்த கோடுகளாக வரைய வேண்டும். பென்சிலின் மெல்லிய நிழலாக்கம் லினோவுக்கு வராது. ஒவ்வோர் இடமும் கருப்பா, பச்சையா, வெள்ளையா என்பது இப்போதே முடிவாக வேண்டும்.

2. அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, மென்மையான பென்சிலால் கருநிறப் பகுதிகளை மட்டும் படியெடுக்க வேண்டும்.

3. லினோவின் மேற்பரப்பைச் சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் எண்ணெய்ப் பளபளப்பு நீங்கி, பின்னர் மை சீராகப் பிடிக்கும். நீர் கலந்த வண்ணத்தை அதன்மேல் மெல்லிய படலமாகப் பூசி உலரவிட்டால், உளி படும் இடம் வெளிறித் தெரிந்து, வெட்டியது எது, வெட்டாதது எது என்ற குழப்பம் வராது.

4. டிரேசிங் தாளைப் பென்சில் பட்ட பக்கம் கீழே இருக்குமாறு லினோவில் கவிழ்த்து, முதுகுப் புறத்தில் தேய்க்க வேண்டும். படம் இடவலமாக மாறி லினோவில் பதியும். அச்சாகும்போது மறுபடி புரண்டு முதல் வரைவைப் போலவே வரும்.

5. பதிந்த கோடுகளை அழியாத மை பேனாவால் உறுதிப்படுத்தி, எஞ்ச வேண்டிய பகுதிகளை நிரப்பிக் கருப்பாக்க வேண்டும். பின்பு வெட்டுபவருக்குக் குழப்பம் எதுவும் மிஞ்சாது: கருப்பாக்காத இடமெல்லாம் அகழ வேண்டியவை.

தவறு அதிகம் நேரும் இடம் எழுத்து. வாழ்த்து அட்டையில் பெயரோ வாழ்த்தோ சேர்த்தால், வெட்டும் முன் தகட்டைக் கண்ணாடி முன் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் சரியாகப் படிக்க முடிந்தால் அச்சிலும் சரியாக வரும். ண, ன, ழ போன்ற சுழியுள்ள எழுத்துகளின் உட்கண்கள் 2 மி.மீ.க்குக் குறைந்தால் மையில் அடைந்துபோகும் என்பதால், எழுத்து பெரிதாகவும் இடைவெளி தாராளமாகவும் இருக்க வேண்டும்.

கருப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு என்னும் அமைப்பு லினோவின் இயல்போடு ஒத்துப்போவது. உளி ஒருமுறை சென்ற தடமே வெள்ளைக் கோடாகிவிடுவதால் வேலை குறைவு, வீரியம் அதிகம். தண்டி யாத்திரையை ஒட்டி 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் வெட்டிய காந்தியின் உருவம், கைத்தடியுடன் நடக்கும் ஒரு மனிதரைக் கரும்பரப்பில் சில வெள்ளைக் கோடுகளாலேயே எழுப்பிய படைப்பு. எதை வெட்டாமல் விடுவது என்பதைக் கற்க அதைவிடச் சிறந்த பாடம் அரிது. வாசலில் போடும் கோலத்தின் வடிவங்களும் இதே காரணத்தால் லினோவில் நன்றாக அமையும், ஒரு நிறப் பயிற்சிக்கு அவை மிகவும் ஏற்றவை.

வெட்டுதல்

உளி வழுக்குவதே இக்கலையின் முதன்மையான அபாயம். மொண்ணையான உளி, குளிர்ந்து இறுகிய லினோ, அவசரம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றே பெரும்பாலும் அதற்குக் காரணமாகிறது.

1. ஒரு பலகையின் ஒரு முனையில் மேற்புறமாகவும் மறுமுனையில் கீழ்ப்புறமாகவும் மரச்சட்டம் ஒன்றை அறைந்தால் தடுப்புப் பலகை தயார். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேற்சட்டம் தகட்டை முன்னே நகரவிடாது தாங்கும்.

2. தகட்டைச் சில நிமிடம் வெயிலில் வைத்தோ, வெந்நீர்ப் பையின்மேல் வைத்தோ இளஞ்சூடாக்கினால் உளி இதமாக இறங்கும். நெருப்பின்மேல் நேராகக் காட்டக் கூடாது.

3. உளியைத் தாழ்வான கோணத்தில் பிடித்து, உடலிலிருந்து வெளிநோக்கித் தள்ள வேண்டும். உளி பிடிக்காத கை எப்போதும் உளிவாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

4. முதலில் வி உளியால், எஞ்ச வேண்டிய கோட்டின் இருபுறமும் ஓரம் வகுக்க வேண்டும். கோட்டின் சுவர் மேலே குறுகி அடியில் விரியுமாறு சரிவாக இருப்பது அவசியம். அடிப்பகுதி குடையப்பட்டால் மெல்லிய கோடு தேய்க்கும்போது உதிர்ந்துவிடும்.

5. வளைவுகளில் உளியைத் திருப்பாமல், மற்றொரு கையால் தகட்டைச் சுழற்ற வேண்டும். முருங்கை இலையின் நீள்வட்டம் இவ்வாறு ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.

6. ஓரங்கள் முடிந்த பிறகே அகன்ற யு உளியால் நடுப்பரப்பை அகழ வேண்டும். தகட்டின் பாதித் தடிமன் ஆழம் போதும். சணல் இழை தென்பட்டால் மிகையாக இறங்கிவிட்டதாகப் பொருள்.

வெட்டும் மேசையில் இருவரும் எதிரெதிரே அமராமல் பக்கவாட்டில் அமர்வது நல்லது, ஏனெனில் வழுக்கிய உளி முன்னோக்கித்தான் பாயும். இருவரில் ஒருவர் இடக்கையர் எனில் இருவரது உளிக் கைகளும் வெளிப்பக்கம் அமையுமாறு இடம் மாறிக்கொள்ளலாம். உளியை அவ்வப்போது மெருகுப்பசை தடவிய தோல் பட்டையில் இழுத்துக் கூராக்கிக்கொண்டால் தள்ளுவதற்கு வலு குறைவாகவே தேவைப்படும், வழுக்கலும் அதற்கேற்பக் குறையும்.

*குறிப்பு*: அகழ்ந்த பரப்பில் எஞ்சும் சிறு மேடுகள் மை பட்டு, அச்சில் கீற்றுகளாக விழும். அவை உளியின் திசையைக் காட்டுவதால் பல கலைஞர்கள் வேண்டுமென்றே விட்டுவைப்பதுண்டு. வானம், நீர் போன்ற இடங்களில் இவை அழகு. முகத்திலும் எழுத்தின் அருகிலும் இவற்றைச் சீவிவிடுவதே முறை.

பொருத்தச் சட்டமும் இரண்டாம் தகடும்

இரு நிற அச்சின் வெற்றி தோல்வி இந்தப் பகுதியில் தீர்மானமாகிறது. பச்சை இலைமேல் கருங்காம்பு சரியான இடத்தில் விழ, ஒவ்வொரு முறையும் தகடும் தாளும் அதே இடத்தில் அமர வேண்டும். இதற்கு ஜப்பானியர் அச்சுக்கட்டையிலேயே ஒரு மூலைக்குறியும் ஒரு விளிம்புக்குறியும் செதுக்கினர். வீட்டில் அட்டைச் சட்டம் ஒன்று அதே பணியைச் செய்யும்.

1. 40 × 50 செ.மீ. அளவுள்ள தடித்த அட்டையை அடித்தளமாகக் கொள்ள வேண்டும்.

2. லினோவின் தடிமனுக்குச் சமமான அட்டையில் 6 செ.மீ. அகலமுள்ள இரு பட்டைகளை வெட்டி, அடித்தளத்தின் இடப்புறமும் கீழ்ப்புறமுமாகச் செங்கோண மூலை அமையுமாறு ஒட்ட வேண்டும். தகட்டின் கீழ் இடது மூலை இந்த மூலையில் இறுக்கமாகப் பொருந்தும்.

3. அச்சுத்தாளை 21 × 27 செ.மீ. அளவில் வெட்டினால் இருபுறமும் மேற்புறமும் 3 செ.மீ., கீழே 4 செ.மீ. ஓரம் கிடைக்கும். எனவே உள்மூலையிலிருந்து இடப்புறம் 3 செ.மீ., கீழ்ப்புறம் 4 செ.மீ. தள்ளி, பட்டைகளின்மேல் மெல்லிய அட்டைத் துண்டுகளைத் தாள்தடுப்பாக ஒட்ட வேண்டும்: கீழ் விளிம்புக்கு இரண்டு, இட விளிம்புக்கு ஒன்று.

4. வெட்டி முடித்த கோட்டுத் தகட்டில் மை உருட்டி, சட்டத்தில் அமர்த்தி, தாளுக்குப் பதிலாக அதே அளவுள்ள பிளாஸ்டிக் தாளை வைத்து அச்செடுக்க வேண்டும். டிரேசிங் தாள் ஈரத்தில் நெளிவதால் இதற்கு உதவாது.

5. கோட்டுத் தகட்டை எடுத்துவிட்டு, வெட்டாத இரண்டாம் லினோவை அதே மூலையில் அமர்த்தி, மை ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் தாளை அதே தடுப்புகளில் பொருத்திக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். கருங்கோடுகள் இரண்டாம் தகட்டில் அப்படியே பதிந்துவிடும்.

6. பதிந்த மை உலர்ந்த பிறகு, பச்சை வர வேண்டிய இலைப் பரப்புகளை மட்டும் விட்டு மற்றவற்றை அகழ வேண்டும். பச்சைப் பரப்பு கருங்கோட்டுக்கு அடியில் 1 மி.மீ. அளவு புகுந்து நிற்குமாறு விட்டால், சிறு பிசகு நேர்ந்தாலும் இடையில் வெள்ளை இடுக்கு தெரியாது.

கோட்டுத் தகடே இல்லாமல், நிறப் பரப்புகளின் சந்திப்பாலேயே உருவத்தைக் காட்டும் முறையும் உண்டு. ஃபிளைட்டும் அவர் மாணவர்களும் அதையே பின்பற்றி, ஓட்டமும் வேகமும் ததும்பும் படங்களைப் படைத்தனர். அந்த முறையின் அழகு தனி என்றாலும் பிசகை மறைக்கும் கோடு அதில் இல்லாததால், முதல் படத்துக்கு அதைப் பரிந்துரைப்பதற்கில்லை.

அச்சிடும் நாள்: மைக்காரரும் தாள்காரரும்

மேசையின் ஒரு பக்கத்தை மைப்பக்கம் என்றும் மறுபக்கத்தைத் தாள்பக்கம் என்றும் பிரித்து, நடுவில் பொருத்தச் சட்டத்தை வைக்க வேண்டும். மைக்காரர் மையைக் கலப்பார், உருட்டுவார், தகட்டைச் சட்டத்தில் அமர்த்துவார், எடுப்பார். தாள்காரர் தாளை வைப்பார், தேய்ப்பார், உரிப்பார், கொடியில் மாட்டுவார். வேலை முடியும் வரை மைக்காரர் தாளையோ தாள்காரர் தகட்டையோ தொடக் கூடாது. தவிர்க்க முடியாமல் தொட நேர்ந்தால், மடித்த அட்டைத் துண்டை இடுக்கி போலக் கொண்டு தாளின் ஓரத்தைப் பிடிக்கலாம்.

10 நல்ல அச்சுகள் வேண்டுமெனில் 15 தாள்களை முந்தின நாளே வெட்டி, அச்சிடும் அறையிலேயே அடுக்கி வைப்பது நல்லது. காற்றின் ஈரத்தைப் பொறுத்துத் தாள் விரிந்து சுருங்கும் என்பதாலும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அவ்விரிவு அதிகம் என்பதாலும், எல்லாத் தாள்களையும் ஒரே நார்த்திசையில் வெட்ட வேண்டும். மழைநாளில் பச்சையையும் வறண்ட நாளில் கருப்பையும் அச்சிட்டால் சட்டம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நிறங்கள் பிசகும்.

1. வெளிர் நிறமான பச்சையே முதலில் அச்சாக வேண்டும். மைக்காரர் கண்ணாடியின் மேலோரத்தில் மையை மெல்லிய கோடாக இட்டு, அதில் சிறிதளவை மட்டும் எடுத்து உருளையால் நீளவாக்கிலும் குறுக்கிலும் பரப்புவார். மையின் பரப்பு பட்டுத்துணி போலச் சீராகி, உருளை மெல்லிய சீறல் ஒலி எழுப்பும்போது அளவு சரி. ஒட்டி ஒட்டிப் பிரியும் உரத்த ஒலி எழுந்தால் மை மிகுதி.

2. தகட்டில் ஒரே தடவையாகத் தடிமனாகப் பூசாமல், உருளையை மறுபடி மறுபடி மையில் தோய்த்து மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். அகழ்ந்த பகுதியில் பட்ட மையைத் துணியால் ஒற்றிவிட வேண்டும்.

3. மைக்காரர் தகட்டை மூலையில் அமர்த்திக் கையை விலக்கி, "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அச்சொல் கேட்கும் முன் தாள்காரர் தாளைக் கொண்டுவரக் கூடாது. அற்பமாகத் தோன்றும் இந்த ஒழுங்கு பல தாள்களைக் காக்கும்.

4. தாள்காரர் தாளின் கீழ் விளிம்பை இரு தடுப்புகளிலும், பிறகு இட விளிம்பை ஒற்றைத் தடுப்பிலும் பொருத்தி, மேல் முனையை மெதுவாக இறக்க வேண்டும். தகட்டைத் தொட்ட தாளைப் பிறகு நகர்த்தினால் மை இழுபடும்.

5. அதன்மேல் பட்டர் பேப்பர் ஒன்றை விரித்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஓரங்களிலும் தனித்து நிற்கும் சிறு வடிவங்களிலும் கரண்டியின் விளிம்பு பதியாதவாறு கவனம் தேவை.

6. பாதித் தாளைக் கையால் அழுத்தியபடி மறுபாதியைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடம் இருந்தால் மீண்டும் இறக்கித் தேய்க்கலாம். திருப்தியான பிறகு ஒரு மூலையிலிருந்து சீராக உரித்து, ஓரத்தில் மட்டும் கிளிப் படுமாறு கொடியில் மாட்ட வேண்டும்.

7. பச்சை உலர்ந்த பிறகு, அதே சட்டத்தில், அதே வரிசையில் கோட்டுத் தகட்டைக் கருநிற மையால் அச்சிட வேண்டும். கருப்புடன் சிறிது நீலமோ பழுப்போ கலந்தால் இலையின் பச்சையோடு இசைந்து நிற்கும்.

புதிய தகடு மையை உறிஞ்சுவதால் முதல் இரண்டு மூன்று அச்சுகள் வெளிறியே வரும். அவற்றைச் செய்தித்தாளில் எடுப்பது சிக்கனம்.

அச்சைப் பார்த்துக் குறையறிதல்

நுண்கோடுகள் அடைந்துபோய்ப் படம் கனத்துத் தெரிந்தால் மை மிகுதி. தகட்டைச் செய்தித்தாளில் இருமுறை மையேற்றாமல் ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் மை குறைவாகவோ அழுத்தம் போதாமலோ இருக்கலாம். முதலில் தேய்ப்பைக் கூட்டிப் பார்த்து, அதன் பிறகே மையைக் கூட்டுவது முறை, ஏனெனில் கூட்டிய அழுத்தத்தை அடுத்த தாளில் குறைத்துவிடலாம், அடைந்த கோட்டைச் சுத்தம் செய்ய நேரமாகும். ஒரே இடத்தில் எப்போதும் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தால் அங்கே லினோத் துகள் ஒட்டியிருக்கும், ஊசியால் எடுத்துவிடலாம். கோடுகள் இரட்டித்துத் தெரிந்தால் தாள் தேய்க்கும்போது நகர்ந்திருக்கிறது. கருப்பு எல்லாத் தாள்களிலும் ஒரே திசையில் ஒரே அளவு பிசகினால் சட்டத்தின் தடுப்பைத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பிசகினால் தாள் வைக்கும் முறையைத் திருத்த வேண்டும்.

கோடு ஒன்று தவறுதலாக வெட்டுப்பட்டுவிட்டால் அதை ஒட்ட முயல்வதைவிட, அந்த வெள்ளையைப் படத்துக்குள் ஏற்று, அருகில் இன்னோர் இலை நரம்பாக மாற்றுவதே பெரும்பாலும் நல்ல முடிவு.

ஒரே தகட்டில் பல நிறம்

இரு தகட்டு முறை கைவந்த பிறகு, ஒரே தகட்டைப் படிப்படியாக வெட்டிக்கொண்டே ஒவ்வொரு கட்டத்திலும் அடர்ந்த நிறத்தை மேல்மேல் அச்சிடும் முறையை முயலலாம். பிரான்சின் வல்லோரி நகரில் ஹிடால்கோ அர்னேரா என்ற அச்சாளரின் துணையுடன் பிக்காசோ 1950களின் இறுதியில் இம்முறையில் செய்த படங்கள் புகழ்பெற்றவை. பொருத்தம் எளிது என்பது இதன் வசதி. அடுத்த கட்டத்துக்கு வெட்டியபின் முந்தைய நிறத்தை மறுபடி அச்சிட இயலாது என்பது இதன் கண்டிப்பு. ஆகவே முதல் நிறத்திலேயே தேவைக்கு மேல் தாள்களை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எதை வெட்டுவது என்பதை இருவரும் சேர்ந்து உரக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

துடைத்தலும் தீப் பாதுகாப்பும்

கண்ணாடியில் மிஞ்சிய மையை முதலில் தட்டையான கத்தியால் வழித்து, பிறகு உருளையையும் தகட்டையும் செய்தித்தாளில் உருட்டியும் ஒற்றியும் மையைக் குறைக்க வேண்டும். எண்ணெய் மைக்குச் சமையல் எண்ணெய் சில துளி விட்டுத் துடைத்து, இறுதியில் பாத்திரம் கழுவும் திரவம் தொட்ட ஈரத்துணியால் துடைத்தால் போதும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் மூடிய அறையில் தலைவலியையும் தீ அபாயத்தையும் கொண்டுவருவதால் வீட்டில் தேவையில்லை. லினோவை நீரில் ஊறவைத்தால் சணல் உப்பித் தகடு வளைந்துவிடும். மைக் கசடைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் செய்தித்தாளில் பொதிந்து குப்பையில் சேர்க்க வேண்டும்.

*எச்சரிக்கை*: எண்ணெய் மையில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாக்கும். மை துடைத்த துணிகளைக் கசக்கிக் குவியலாகப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு துணியையும் தனித்தனியே விரித்து வெளியில் உலர்த்த வேண்டும், அல்லது நீர் நிரப்பி மூடிய உலோக டப்பாவில் போட வேண்டும். இப்பணிக்கு இருவரில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்பது அவசியம், ஏனெனில் மற்றவர் செய்திருப்பார் என்ற எண்ணமே இருவர் வேலையில் பெரிய ஓட்டை.

எண்ணிடுதலும் கையொப்பமும்

உலர்ந்த அச்சுகளைப் பரப்பி, நிறமும் பொருத்தமும் ஒத்திருப்பவற்றை மட்டும் தேர்ந்து எண்ணிட வேண்டும். படத்தின் கீழ் இடப்புறம் 3/10 என்பதுபோல் எண், நடுவில் தலைப்பு, வலப்புறம் கையொப்பம் என்பது வழக்கம். கீழ் எண் மொத்தப் பிரதிகளையும், மேல் எண் அப்பிரதியின் வரிசையையும் குறிக்கும். மை பேனா காலப்போக்கில் மங்கிப் பரவும் என்பதால் பென்சிலாலேயே எழுத வேண்டும்.

யார் கையொப்பமிடுவது என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. லண்டனில் 1925இல் தொடங்கிய கிராஸ்வெனர் நவீனக் கலைப் பள்ளியில் ஃபிளைட்டின் வகுப்புகளில் பயின்ற சிபில் ஆண்ட்ரூஸும் சிரில் பவரும் மணமானவர்கள் அல்லர், ஆனால் 1930 முதல் 1938 வரை ஹாமர்ஸ்மித்தில் ஒரே கலைக்கூடத்தைப் பகிர்ந்து உழைத்தவர்கள். தாம் தனித்தனியே வெட்டிய லினோ படங்களில் அவரவர் பெயரையே இட்டனர். லண்டன் போக்குவரத்துத் துறைக்காகக் கூட்டாக உருவாக்கிய சுவரொட்டிகளில் மட்டும் இருவர் பெயரையும் இணைத்து ஆண்ட்ரூ பவர் என்று கையெழுத்திட்டனர். இரு தகடுகளையும் இருவர் வெட்டிய படத்தில் இரு கையொப்பங்களும், வடிவமைப்பும் வெட்டும் ஒருவருடையதாகி மற்றவர் அச்சிட மட்டும் உதவிய படத்தில் ஒரு கையொப்பமும் இடுவது நேர்மையான நடைமுறை. அச்சிட்டவரின் பெயரைத் தாளின் பின்புறம் குறித்து வைக்கலாம்.

தகடுகளைத் துடைத்து உலர்த்தி, முகத்தின்மேல் பட்டர் பேப்பர் போட்டு, கிடையாக அடுக்கி வைக்க வேண்டும். சுருட்டி வைத்த லினோவைக் குளிர்ந்த நாளில் விரிக்கும்போது அதன் மேற்பரப்பில் விரிசல் விழும். ஒவ்வொரு தகட்டின் பின்புறச் சணலிலும் படத்தின் பெயர், ஆண்டு, மையின் கலவை விகிதம், கோட்டுத் தகடா நிறத் தகடா என்ற விவரம் ஆகியவற்றை எழுதி, பொருத்தச் சட்டத்தையும் அதே அடுக்கில் சேர்த்து வைத்தால், சிறு துண்டு அட்டைகளிலோ வேறு நிறங்களிலோ அதே கிளையை மீண்டும் அச்சிடும்போது அளவெடுக்கும் வேலையும் கலவை தேடும் வேலையும் இருக்காது.